பிஎஸ்சி மைக்ரோபயாலஜி மூன்றாம் ஆண்டு. மெட்டபாலிசம் பாதைகளை (செல்லுக்குள் உணவு படிப்படியாக மாறும் வழிகளை) எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறது. எப்படிப் படிப்பது?

நானும் இதில் தவித்தவள்தான். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். பள்ளியில் தமிழ் வழி, கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். குளுக்கோஸை உடைக்கும் கிளைகோலிசிஸ் பாதையின் 10 படிகளையும் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

எனக்குப் பிடி கிடைத்தது கள்ளுக் கலயத்தில். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் தெளுவு (பதநீர்) இறங்கும், தடவாவிட்டால் கள். "சுண்ணாம்பு இல்லீன்னா விடியறதுக்குள்ள பொங்கிரும் சாமி" என்பார். சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றி ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்கிவைக்கிறது என்று பாடத்தில் படித்தபோதுதான், இது எனக்குத் தெரிந்த விஷயம் என்ற தைரியமே வந்தது.

அதன்பின் எந்தப் பாதையைப் படித்தாலும் ஓர் உயிரியோடு சேர்த்தே படித்தேன். அது எதைத் தின்கிறது, எலக்ட்ரானை எங்கே கொண்டுபோய் விடுகிறது, கடைசியில் எத்தனை ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) மிஞ்சுகிறது? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் படிகள் பின்னாலேயே வந்துவிடும்.

கள்ளையே பாருங்கள். அதில் சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் உண்டு, சைமோமோனாஸ் பாக்டீரியாவும் உண்டு. இரண்டும் குளுக்கோஸிலிருந்து எத்தனால்தான் தயாரிக்கின்றன. ஈஸ்ட் போகும் வழி கிளைகோலிசிஸ்: 2 ஏடிபி செலவு, 4 வரவு, மிச்சம் 2. சைமோமோனாஸ் என்ட்னர்-டூடோராஃப் என்ற வேறொரு வழியில் போகிறது. அங்கே ஆறு கார்பன் மூலக்கூறு உடையும்போது ஒரு பாதி நேராகப் பைருவேட் என்ற மூன்று கார்பன் மூலக்கூறு ஆகிவிடுகிறது. மறுபாதி மட்டும்தான் ஏடிபி தரும் படிகளைக் கடக்கிறது. அதனால் 1 செலவு, 2 வரவு, மிச்சம் 1 மட்டுமே. கையில் ஏடிபி குறைவு என்பதால் அது தன் உடலை வளர்ப்பதும் குறைவு. சர்க்கரையில் பெரும்பங்கு எத்தனாலாகவே வெளியேறுகிறது. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்ட பிறகு இரண்டு பாதைகளும் எனக்குக் குழம்பியதே இல்லை. அப்புறம், கள்ளை வைத்திருந்தால் ஏன் புளிக்கிறது? லாக்டிக் அமில பாக்டீரியா ஒரு பக்கம் வேலை செய்கிறது. காற்றுப் பட்டால் அசிட்டோபாக்டர் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. அது ஆக்சிஜன் இல்லாமல் வளராது. சுவாசத்துக்கும் நொதித்தலுக்கும் உள்ள வேறுபாடு ஒரே கலயத்துக்குள் இருக்கிறது.

ஜெனடிக்ஸில் லாக் ஓபெரானுக்கும் (லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதி) இதே வழிதான். 1961-இல் ஜேக்கப், மோனோ வெளியிட்ட மாதிரிப் படத்தை அப்படியே வரையப் பழகுவதைவிட, குளுக்கோஸ் இருக்கும்போது ஈ.கோலை பாக்டீரியா ஏன் லாக்டோஸைச் சீண்டுவதில்லை என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

செய்முறையில் காலனி (தட்டில் வளரும் நுண்ணுயிர்த் திட்டு) எண்ணிக்கைக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 30 முதல் 300 காலனி உள்ள தட்டைத்தான் எண்ண வேண்டும். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி பரப்பி 84 காலனி வந்தால், மூல மாதிரியில் மில்லிக்கு 84 கோடி. இந்த மாதிரிக் கணக்குகளைத் தினம் ஒன்று போடுங்கள்.

படித்ததை வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடம்தான் புரியாத இடம். நான் அப்புச்சியிடம் சொல்வேன். சைமோமோனாஸ் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ ஈஸ்ட்டுக்கு எப்படி ரெண்டு மிஞ்சுது?" என்று அவர் கேட்ட அன்று, நான் மறுபடி புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது.