மகளைக் கல்லூரியில் சேர்க்க கைதியான அப்பாவுக்கு லீவு கிடைக்குமா?

கேள்வி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற என் கணவர் வேலூர் மத்தியச் சிறையில் இருக்கிறார். உள்ளே போய் ஐந்து வருடம் ஆகிறது. அப்பீலும் தள்ளுபடியாகிவிட்டது. 'குடும்பத்துடன் சில நாட்கள் இருக்க' என்று எழுதி லீவு கேட்டார். அவர் வந்தால் ஊரில் பிரச்சினை வரும் என்று போலீஸ் அறிக்கை கொடுத்ததால் நிராகரித்துவிட்டார்கள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கல்லூரியில் சேர்க்க வேண்டும். வீட்டுக் கூரை வேறு ஒழுகுகிறது. மனைவியோடு இருப்பதற்கே லீவு உண்டு, ஐகோர்ட்டே சொல்லிவிட்டது என்று சிறையில் அவரைச் சந்திக்க மனு பார்க்கப் போன இடத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: அவர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியும் உங்களுக்கு உதவாது. 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்வியை விசாரித்தது. குழந்தையில்லாத கைதி, குழந்தைப்பேறு சிகிச்சைக்காக லீவு கேட்டால் அதை 'அசாதாரண காரணம்' என்று ஏற்கலாம். தாம்பத்தியத்துக்காக மட்டும் லீவு கேட்பது உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு மகள் இருக்கிறாள். அந்த வழியை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கான வழி, தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982-இல் இருக்கிறது. நாம் பரோல் என்று சொல்வதை அந்த விதிகள் விடுப்பு என்கின்றன. நெருங்கிய உறவினர் இறந்தாலோ, உடல்நிலை மோசமானாலோ அவசரகால விடுப்பு. மற்ற பல காரணங்களுக்குச் சாதாரண விடுப்பு. இதற்கு மூன்று ஆண்டு சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். முதல் தடவை 21 முதல் 30 நாள் வரை கிடைக்கும். எந்தெந்தக் காரணத்துக்குத் தரலாம் என்று 20-ஆம் விதி பட்டியலே போட்டிருக்கிறது. குடும்பப் பிழைப்புக்கு ஏற்பாடு, பிள்ளைகளைப் பள்ளி கல்லூரியில் சேர்ப்பது, வீடு கட்டுவது, பழுது பார்ப்பது, கல்யாணம், பாகப்பிரிவினை, விதைப்பு அறுவடை எல்லாம் அதில் உண்டு. 'குடும்பத்துடன் இருக்க' என்பது மட்டும் இல்லை! குடும்ப உறவு அறுந்துவிடக் கூடாது என்பதும் பரோலின் நோக்கம்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் மேசையில் ஃபைல் பார்க்கும் அதிகாரி விதியில் உள்ள காரணத்தைத்தான் தேடுவார்.

எனவே புது மனு போடச் சொல்லுங்கள். கல்லூரிச் சேர்க்கை, கூரை பழுது இரண்டையும் காரணமாக எழுதட்டும். மதிப்பெண் பட்டியல், கல்லூரி அனுப்பிய கடிதம், வீட்டு வரி ரசீது, ஒழுகும் கூரையின் போட்டோ ஆகியவற்றை இணையுங்கள். மனு சிறைக் கண்காணிப்பாளர் வழியாகப் போகும்.

அடுத்து குடும்ப நிலையை விசாரிக்க அரசின் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், ஸ்டேஷனிலிருந்தும் விசாரிப்பார்கள். போன தடவை கவிழ்ந்தது இங்கேதான். இறந்தவரின் குடும்பம் அதே தெருவிலோ பக்கத்திலோ இருந்தால், ஸ்டேஷனில் பெரும்பாலும் 'பிரச்சினை வரும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். அப்படியானால் லீவில் தங்கப்போகும் முகவரியாக வேறு ஊரில் இருக்கும் நாத்தனார் வீட்டையோ உங்கள் அம்மா வீட்டையோ கொடுங்கள். தங்கவைக்கச் சம்மதம் என்று அவர்களிடம் எழுதி வாங்கி மனுவோடு வையுங்கள். என் அனுபவத்தில் வக்கீல் வாதத்தைவிட இந்த ஒரு காகிதம் அதிக வேலை செய்யும். கூரை வேலைக்குப் பகலில் வந்து போகலாமா, வழிக்காவலோடு (போலீஸ் துணையோடு) வரலாமா என்பதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

மறுபடியும் நிராகரித்தால் ஆணையின் நகலை வாங்கிக்கொண்டு அந்த ஆணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். லீவு கேட்பது கைதியின் உரிமை அல்ல என்று அரசு தரப்பு வாதிடும். சரி, ஆனால் மனுவை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டிய கடமை அதிகாரிக்கு உண்டு. யாரால், என்ன பிரச்சினை என்று சொல்லாமல் பொத்தாம் பொதுவாக எழுதிய போலீஸ் அறிக்கையை நீதிமன்றத்தில் தாராளமாக எதிர்க்கலாம்.

வக்கீல் ஃபீஸுக்குத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். அட்மிஷனுக்குக் கடைசித் தேதி என்ன என்பதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கைச் சீக்கிரம் பட்டியலிடக் கேட்க அவருக்கு அந்தத் தேதிதான் பிடி.