சுரங்கத்துக்குள் தீப்பிடித்தால் ரயிலை நிறுத்தலாமா?

கேள்வி: ரயிலில் தீயைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்கிறார்கள். நீளமான சுரங்கப்பாதைக்குள் போகும்போது பற்றிக்கொண்டால்? (வாசகி, போடி)

பதில்: ஜப்பானிலும் அப்படித்தான் விதி வைத்திருந்தார்கள், எங்கே தீப்பிடித்தாலும் உடனே நிறுத்து என்று. 1969 டிசம்பரில், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஹொக்குரிக்கு சுரங்கத்துக்குள் ஓர் எக்ஸ்பிரஸ் தீப்பற்றியது. ஓட்டுநர் நிறுத்தவில்லை. வெளியே கொண்டுவந்த பிறகுதான் நிறுத்தினார், தீயை அணைத்தார்கள், ஓர் உயிர்கூடப் போகவில்லை. விதியை மீறினாய் என்று அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள், என்ன சொல்ல!

மூன்று வருஷம் கழித்து, 1972 நவம்பர் 6, நடு இரவு தாண்டி ஒரு மணி வாக்கில், அதே சுரங்கத்தில் கிட்டகுனி எக்ஸ்பிரஸின் சாப்பாட்டுப் பெட்டியில் தீ. இந்தத் தடவை விதிப்படி நிறுத்தினார்கள். எரிகிற பெட்டியைக் கழற்றிவிடப் போராடிக்கொண்டிருக்கும்போதே மேல்கம்பியில் மின்சாரமும் போய்விட, ரயிலை அசைக்க முடியவில்லை. வெட்டவெளியில் புகை கலைந்துவிடும், குழாய்க்குள் எங்கே போகும்? 30 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால்தான். அப்புறம் பெட்டிக்குத் தீ வைத்து ஓட்டியே சோதித்துப் பார்த்து, சுரங்கத்துக்குள் நிற்காதே, வெளியே ஓட்டிப் போ என்று விதியைத் திருப்பிப் போட்டார்கள். அந்தப் பழைய ஓட்டுநரின் தண்டனையும் ரத்தானது.

கேள்வி: சரி, சுரங்கமே 50 கிலோமீட்டர் என்றால்? வண்டி நடுவில் நின்றுவிட்டால்?

பதில்: அதற்காகத்தான் 1988இல் ஜப்பானில் திறந்த செய்கான் கடலடிச் சுரங்கத்தில் (53.85 கி.மீ.) ஆட்களை இறக்கிவிடக் கடலுக்கடியிலேயே இரண்டு நிலையங்கள் கட்டினார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே இருக்கும் கால்வாய்ச் சுரங்கத்தில் வேறு வழி. ரயில் போக இரண்டு குழாய், இடையில் ஆட்களுக்கென்று மூன்றாவது. 375 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி, கதவோடு. நடுக்குழாயில் காற்றழுத்தத்தைக் கூடுதலாகவே வைத்திருப்பார்கள், புகை உள்ளே நுழையாது.

1996 நவம்பர் 18 அன்று லாரி ஏற்றிய ரயில் ஒன்று அங்கே எரிந்தது. அங்கேயும் வெளியே ஓட்டிப் போவதுதான் திட்டம், ஆனால் ஓட்டுநருக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட, நிறுத்தியே ஆக வேண்டியதாயிற்று. சுற்றிலும் கரும்புகை, கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குறுக்கு வழிக் கதவு திறந்ததும் நடுக்குழாயின் காற்று சீறிவந்து புகையைத் தள்ளியது. கதவுக்குப் பக்கத்தில் கொஞ்ச இடம் தெளிந்தது, அதன் வழியாக 34 பேரும் உயிரோடு இறங்கிப் போனார்கள்.