வாசகர் கேள்வி பதில்: நீல டிரம் ஏன் முதலில் நிரம்புகிறது?

கேள்வி: எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் வீட்டுக் குப்பை சேகரிப்பை மறுஆய்வு செய்யப்போகிறார்கள். நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். ஆனால் பேட்டரி வண்டியில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. கூட்டத்தில் என்ன கேட்பது?
– ஒரு வாசகி, வளசரவாக்கம்

பதில்: "ஒழுங்காகப் பிரித்து எடுங்கள்" என்று கேட்டால் "சரிம்மா, சொல்லிடறோம்" என்பதோடு கூட்டம் முடிந்துவிடும். கணக்கோடு போங்கள்.

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு மக்கும் குப்பை 1 கிலோ, மக்காதது அரைக் கிலோ என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வண்டிக்கு 150 வீடு என்றால் மக்கும் குப்பை 150 கிலோ. ஈரமும் கனமும் உள்ள சரக்கு என்பதால் கிலோவுக்கு 2 லிட்டர் இடம் போதும். மொத்தம் 300 லிட்டர். மக்காதது 75 கிலோதான். ஆனால் அட்டைப்பெட்டி, பாட்டில், கவர் எல்லாம் காற்றை அடைத்துக்கொண்டு வருபவை. கிலோவுக்கு 10 லிட்டருக்குக் குறையாது. ஆக 750 லிட்டர். வண்டியில் மக்கும் குப்பைக்கான பச்சை டிரம்மும் மக்காததற்கான நீல டிரம்மும் சரிபாதியாக இருந்தால், பச்சை பாதி நிரம்புவதற்குள் நீலம் நிரம்பிவிடும். மிச்சம் பச்சையில்தான் விழும். இதற்குத் தூய்மைப் பணியாளரைத் திட்டிப் பயனில்லை, டிரம் கணக்கே தப்பு.

ஆகவே முதல் கேள்வி: ஒரு வண்டிக்கு எத்தனை வீடு, எத்தனை லிட்டர் பச்சை, எத்தனை லிட்டர் நீலம், நிரம்பினால் இரண்டாவது நடை உண்டா?

அடுத்தது, வண்டி எங்கே போய் இறக்குகிறது என்பது. காம்பாக்டர் லாரி குப்பையை நசுக்கி இடத்தை மிச்சப்படுத்தச் செய்த லாரி. மக்காத குப்பை ஒருமுறை சோறு குழம்போடு சேர்ந்து அதற்குள் போய்விட்டால், பிறகு வள மீட்பு மையத்தில் (மக்காத குப்பையைத் தரம் பிரிக்கும் இடம்) எத்தனை பேர் உட்கார்ந்து பொறுக்கினாலும் நனைந்த காகிதத்தை வாங்க ஆளில்லை. சென்னையின் குப்பைக் கிடங்குகளான கொடுங்கையூரும் பெருங்குடியும் மலையானது இப்படிக் கலந்து கொட்டித்தான். அந்தப் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரிக்கும் பயோமைனிங் வேலைக்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது. எனவே உங்கள் தெருவின் மக்காத குப்பை காம்பாக்டரைத் தொடாமல் தனி வண்டியில் போகிறதா என்று கேளுங்கள். மையத்தின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பணம். முன்பெல்லாம் குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனத்துக்கு டன் கணக்கில் பணம் கொடுத்தார்கள். ஈரமும் மண்ணும் கலந்தால் எடை கூடும், எடை கூடினால் வரும்படி கூடும். பிரிக்க யாருக்கு மனசு வரும்? 2020-இல் தேனாம்பேட்டை, அடையாறு, உங்கள் வளசரவாக்கம் உள்ளிட்ட மண்டலங்களில் தொடங்கிய ஒப்பந்தம் வேலையின் தரத்தை அளந்து பணம் தரும் முறை. அப்படியானால் தரம் பிரித்தலில் எங்கள் வார்டுக்கு என்ன மதிப்பெண், குறைந்த மாதத்தில் எவ்வளவு பிடித்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றில் அதிகாரிகள் அதிகம் நெளியும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

யோசனையும் ஒன்று கொண்டுபோங்கள். மக்காத குப்பையைத் தினமும் வாங்காமல் வாரம் 1 நாள் மட்டும், அன்றைக்கு வண்டி முழுக்க அதற்கே என்று வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் நாளைக்கு 5 லிட்டர் என்றால் வாரத்துக்கு 35 லிட்டர். பாட்டிலை நசுக்கி, அட்டையை மடித்துப் போட்டால் 25 கிலோ அரிசிப் பை ஒன்றே போதும். கழுவாமல் போட்டால் மூன்றாம் நாளே கரப்பான் வரும், அவ்வளவுதான். நாப்கினும் டயப்பரும் மட்டும் தினமும் எடுத்தாக வேண்டும். அதை விட்டுவிட்டால் திட்டம் ஒரு வாரம்கூட நிற்காது.

கேள்வி: இரண்டு தொட்டியா, மூன்றா, நான்கா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி மூன்றாக இருந்தது: மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் குப்பை. 2026 விதிகளில் நாப்கின், டயப்பர் தனி வகையாகிவிட்டதால் நான்கு. நடைமுறையில் மக்குவதற்கும் நாப்கினுக்கும் இரண்டு தொட்டி, மக்காததற்கு ஒரு பை, அபாயக் குப்பைக்கு ஒரு அட்டைப்பெட்டி போதும். பெட்டியில் தீர்ந்த பேட்டரி, டியூப் லைட், காலாவதி மாத்திரை, பெயிண்ட் டப்பா. அது நிறைய மாதக்கணக்காகும். நாப்கினைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் புள்ளி வையுங்கள். கறுப்பு கவரில் கட்டிக் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பணியாளர் கையால் பிரிக்க நேரிடும். உடைந்த கண்ணாடியையும் காகிதத்தில் சுற்றி, வாயால் சொல்லியே கொடுங்கள்.

பால் கவரின் மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துணுக்கை யாரும் பொறுக்க முடியாது, நேரே சாக்கடைக்குத்தான் போகும். வெட்டு, கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். அலசிக் காயவைத்த கவருக்குப் பழைய பேப்பர் கடையில் காசும் கிடைக்கும்.

கேள்வி: 60 வீடுகள் உள்ள அடுக்ககம். மக்கும் குப்பையை நாங்களே உரமாக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டாயமா?
– சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: சராசரியாக நாளைக்கு 100 கிலோவைத் தொட்டால் நீங்கள் மொத்தக் குப்பை உருவாக்குபவர்; மக்கும் குப்பையை வளாகத்திலேயே கையாளும் பொறுப்பு வரும். மேலே சொன்ன கணக்கில் 60 வீட்டுக்கு 90 கிலோ, அதாவது எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். ஊகிக்காமல் ஒரு தொங்கு தராசு வாங்கி, ஞாயிறும் சேர்த்து 7 நாள் எடை போட்டு எழுதிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் செதிலும் கோழி எலும்பும் எடையை ஏற்றிவிடும். வளாகத்தின் கட்டடப் பரப்புக்கும் விதியில் தனி அளவு உண்டு. பதில் எழுதும் முன் அதையும் பாருங்கள்.

கேள்வி: பால்கனியில் வாளி வைத்து உரம் போட்டேன். நாற்றம், புழு. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வேண்டாம். நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று குறைவு. 20 லிட்டர் வாளியின் அடியிலும் பக்கவாட்டிலும் துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஒரு கிண்ணம் காய்கறித் தோலுக்கு ஒரு கிண்ணம் காய்ந்த இலைச்சருகு அல்லது தென்னை நார்க்கழிவுத் தூள். சோறும் தர்பூசணித் தோலும் விழும் நாளில் ஒன்றரைக் கிண்ணமாக்குங்கள். 3 நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. புளித்த மோரில் தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை தெளித்தால் மக்கல் வேகம் பிடிக்கும்.

கறுத்த, தடித்த புழுக்கள் என்றால் அவை ஒரு வகை ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று தீர்ப்பவை, கெடுதல் இல்லை. பிடிக்கவில்லை என்றால் மேலே ஓர் அங்குலம் தூள் மூடுங்கள். எண்ணெய்க் குழம்பும் அசைவமும் வாளிக்குள் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் படாத மூலைக்கு நகர்த்துங்கள். இரண்டு மாதத்தில் மண்வாசனை வந்தால் சலித்து எடுக்கலாம்.

கேள்வி: பழைய மெத்தையைக் குப்பை வண்டியில் எடுக்க மறுக்கிறார்கள். போகிக்கு எரிக்கலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: கூடாது. ஃபோம் மெத்தை எரிந்தால் வரும் புகை நச்சு. சென்னை மாநகராட்சியின் உதவி எண் 1913-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள்; மெத்தை, சோபா போன்ற பெரிய பொருள்களை மாநகராட்சி சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துச்செல்லும் ஏற்பாடு உண்டு. பதிவு எண்ணை வாங்கிவையுங்கள். இலவம்பஞ்சு மெத்தை என்றால் அதற்கு முன் மெத்தைக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பஞ்சைக் கொட்டி அடித்துப் புதிதாகத் தைத்துத் தருவார்கள்.