தமிழ் நாடக வரலாற்று நூல்களும் நாடகம் பார்க்கும் முறையும்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே பொருளைச் சுற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நூல்களைப் பரிந்துரைக்கும்போது மேடையில் நின்றவர்களும் மேடையை அருகிருந்து பார்த்தவர்களும் எழுதியவற்றுக்கே முதலிடம் தருகிறேன். நாடகப் பனுவலை மட்டும் படித்தவர் எழுதும் வரலாற்றில் பெயர்களும் ஆண்டுகளும் சரியாக இருக்கும். ஆனால் திரை எப்படி விலகியது, விளக்கு எங்கே இருந்தது, கடைசி வரிசையில் இருந்தவருக்குக் குரல் கேட்டதா என்பவை அதில் இருப்பதில்லை.

கேள்வி (தஞ்சையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): தமிழ் நாடக வரலாற்றை எந்த நூலிலிருந்து தொடங்குவது?

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலிலிருந்து தொடங்குங்கள். ஆறு பாகங்கள் என்றதும் மலைக்க வேண்டாம். முதல் பாகத்தை முடித்தவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழுவினர் சென்னைக்கு வந்து நடத்திய தெலுங்கு நாடகத்தைப் பார்த்து மனம் மாறி, அதே ஆண்டு ஜூலை முதல் தேதியில் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கிய கதை அது. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் வேடம் கட்டினால் ‘கூத்தாடி’ என்ற ஏளனச் சொல் அவர்கள்மீதும் விழும் என்ற அச்சம் இருந்த காலத்தில், ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பதே எவ்வளவு பெரிய பாடாக இருந்தது என்பதை அவர் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்.

இந்நூலை நான் திரும்பத் திரும்ப எடுப்பது அவருடைய வெற்றிகளுக்காக அன்று. தம் பிழைகளை அவர் எழுதும் விதத்துக்காக. அவருக்கு ஜோடியாகப் பல ஆண்டுகள் பெண் வேடம் ஏற்ற ரங்கவடிவேலுவைப் பற்றிய பகுதிகளைப் படித்தால், இரு நடிகர்களுக்கு இடையே மேடையில் உருவாகும் இசைவு எத்தகையது என்பது எந்த நடிப்பிலக்கண நூலைவிடவும் தெளிவாக விளங்கும். குறையும் உண்டு. கிராமத்துக் கூத்தையும் தொழில்முறைக் குழுக்களையும் அவர் சற்று உயரத்திலிருந்துதான் பார்க்கிறார். ஆகவே இதை மட்டும் படித்து நிறுத்தினால் தமிழ் நாடகம் சென்னையில், ஆங்கிலம் படித்தவர்களிடையே பிறந்தது என்ற தவறான எண்ணம் ஏற்பட்டுவிடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்): அப்படியானால் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளையும், சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளையும் பற்றி அறிய எதைப் படிக்கலாம், ஐயா?

தி. க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’. சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவராகச் சேர்ந்தவர் அவர்; ஆகவே இந்நூலில் சுவாமிகள் சிலையாக நிற்பதில்லை, கண்டிப்பும் கனிவும் உள்ள வாத்தியாராக நடமாடுகிறார். சிறுவன் சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியைப் படிக்கும்போது, அக்காலத்து நாடக ஆசிரியர் ஏட்டை நோக்கி எழுதவில்லை, கண்முன் இருந்த ஒரு குரலையும் உடலையும் நோக்கி எழுதினார் என்பது புலப்படும். வீட்டைப் பிரிந்த சிறுவர்களின் வாழ்க்கை, ஊர்விட்டு ஊர் பெயரும் கம்பெனி, வசூல் இல்லாத நாட்கள் என எல்லாமே அதில் உண்டு.

இந்நூலும் பம்மலாரின் நினைவுகளும் தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் பிரதி கிடைக்கவில்லையே என்று கேட்டு எழுதியிருந்த மூவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: ‘மனோன்மணீயம்’ படித்தேன், கவிதையாகச் சுவைத்தது, நாடகமாகத் தோன்றவில்லை. குறை என்னிடமா?

இல்லை. பெ. சுந்தரம் பிள்ளை அதைப் படிப்பதற்குரிய நாடகமாகவே செய்தார். அது வெளிவந்ததும் சுகுண விலாச சபை தோன்றியதும் ஒரே ஆண்டில், 1891இல். ஏட்டு நாடகமும் மேடை நாடகமும் அந்த ஆண்டிலிருந்து அருகருகே நடந்தும் வெகுகாலம் கைகோக்கவில்லை.

கேள்வி (தமிழாய்வு மாணவர், திருநெல்வேலி): பழந்தமிழ் நாடக இலக்கணம் பற்றிய நூல்கள் எவை? ‘கூத்த நூல்’ நம்பத்தக்கதா?

முதலில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை உரையுடன் படியுங்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறது. அந்தக் கோலுக்கும் இருபத்து நான்கு விரல் என்று அளவு சொல்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறுகிறது. எல்லாவற்றிலும் என்னை வியக்கவைப்பது ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’ என்னும் அடி. தூணின் நிழல் ஆடுபவர்மீது விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டவர், அரங்கில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக நூல்கள் இருந்து மறைந்தன என்பதைச் சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையால் அறிகிறோம். இருபதாம் நூற்றாண்டில் பதிப்பிக்கப்பட்ட ‘கூத்த நூல்’ பழைய நூல்தானா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. ஆய்வேட்டில் அதை முதன்மைச் சான்றாக வைக்க வேண்டாம். பிற்கால முயற்சிகளில் பரிதிமாற் கலைஞரின் ‘நாடகவியல்’ (1897), ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் மரபின் கண்கொண்டு ஆராயும் விபுலானந்தரின் ‘மதங்க சூளாமணி’ (1926) ஆகிய இரண்டும் போதும். சமூக வரலாற்றுப் பின்னணிக்குக் கா. சிவத்தம்பியின் பண்டைத் தமிழ்ச் சமூக நாடகம் பற்றிய ஆய்வு நூலைப் படியுங்கள்; அது எளிதில் நகராது, பொறுமை வேண்டும்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): வரும் கோடையில் முதன்முறையாகத் தெருக்கூத்துப் பார்க்கச் செல்கிறேன். முன்பே என்ன படிக்க வேண்டும்? இரவு முழுவதும் புரியாமல் உட்கார்ந்திருப்பேனோ என்று தயங்குகிறேன்.

ந. முத்துசாமியின் ‘அன்று பூட்டிய வண்டி’ கட்டுரைகளைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். நவீன எழுத்தாளர் ஒருவர் புரிசை என்னும் ஊரின் தெருக்கூத்தைக் கண்டு, நாடகம் என்பதைப் பற்றித் தாம் கொண்டிருந்த கருத்துகளையே திருத்திக்கொண்ட பதிவு அது.

வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவில் கூத்து நடக்கும். அன்றிரவு ‘திரௌபதி வஸ்திராபரணம்’ (துகிலுரிதல்) என்றால் வில்லிபாரதத்தில் அந்தப் பகுதியை முன்னதாகப் படித்துவிடுங்கள். சுற்றியிருப்பவர் அனைவருக்கும் கதை தெரியும், உங்களுக்கும் தெரிந்திருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி விலகி, எப்படி நடத்துகிறார்கள் என்பதில் கண் நிற்கும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் பாடிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். முழு உருவம் தெரிவதற்கு முன்பே கிரீடத்தின் முனையும் சலங்கையின் ஒலியும் பாத்திரத்தை அறிவித்துவிடும். கூத்தில் அறிமுகம் செய்து கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனைச் சிரிப்பு மூட்டுபவன் என்று மட்டும் கருதிவிடாதீர்கள். மன்னனைக் கேள்வி கேட்பவனும், கதையை உங்கள் ஊருக்கும் காலத்துக்கும் இழுத்து வருபவனும் அவனே.

நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள். பக்கத்தில் பாய் விரித்திருக்கும் பாட்டியும் தூங்குவார். முகவீணை என்னும் ஊதுகருவியின் சுருதி ஏறியதும் சரியான இடத்தில் விழித்துக்கொள்வார். இயன்றால் வேடம் புனையும் இடத்துக்கு முன்மாலையிலேயே போய், அனுமதி கேட்டு, ஓரமாக நின்று பாருங்கள். கைபேசியில் படம் எடுப்பதானால் விளக்கைப் பாய்ச்சாதீர்கள்.

கேள்வி: ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒத்திகையே பார்ப்பதில்லை என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ராஜபார்ட் (நாயகன் வேடம்), ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்), பபூன் (கோமாளி), ஆர்மோனியக் கலைஞர் ஆகியோர் தனித்தனியாக ஒப்பந்தமாகி வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் பாடம் என்பதால் இது இயலுகிறது. நாரதருக்கும் வள்ளிக்கும் இடையிலான தர்க்கத்தில் ஒருவர் மற்றவரை மடக்கப் பார்ப்பது உண்மையான போட்டியாகவே இருக்கும். ஆங்கிலம் படிக்கக்கூடியவர் சூசன் சைசர் இக்கலைஞர்களைப் பற்றி 2005இல் வெளியிட்ட ஆய்வு நூலைத் தேடிப் படிக்கலாம். நடிகையரைச் சமூகம் எப்படி நடத்துகிறது, அதை அவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை அவ்வளவு நெருக்கமாக எழுதிய நூல் அரிது.

கேள்வி: விடுதலைப் போராட்டத்தில் நாடகத்தின் பங்கு பற்றி?

சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி மெசேஜ் பேரர்ஸ்’. நாடகங்களைக் கட்டுப்படுத்த ஆங்கிலேய அரசு கொண்டுவந்த 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் ஏன் வந்தது என்பதையும், முருகன் வேடத்தில் தேசியப் பாடல் பாடிய நடிகர் விஸ்வநாத தாஸை ஏன் திரும்பத் திரும்பச் சிறையிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1940 டிசம்பர் 31 அன்று மேடையிலேயே, முருகன் வேடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து): ஈழத்து அரங்கு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

குறை நியாயமானது. சி. மௌனகுருவின் ‘ஈழத்துத் தமிழ் நாடக அரங்கு’ முதலில் வர வேண்டிய நூல். 1960களில் சு. வித்தியானந்தன் பேராதனையில் ஈழத்துக் கூத்தின் இரு பாணிகளான வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றபோது எதைச் சுருக்கினார்கள், எது கைவிட்டுப் போயிற்று என்ற கேள்வியோடு படித்தால் பயன் மிகும். நீங்கள் மட்டக்களப்பில் இருப்பதால் எங்களுக்கு இல்லாத வாய்ப்பு உங்களுக்கு உண்டு: நாற்புறமும் மக்கள் அமர்ந்த வட்டக்களரியில் ஒரு கூத்தையும், ஒருபுறம் மட்டும் திறந்த மேடையில் அதே கூத்தையும் பார்த்து, கூத்தைப் பயிற்றுவித்து நடத்தும் அண்ணாவியாரின் இடம் எப்படி மாறுகிறது என்று குறித்து எழுதி அனுப்புங்கள்.