மெல்லிய ஒயர்களை இணைக்கும் கிரிம்ப் கனெக்டர் என்றால் என்ன?

இரண்டு ஒயர் முனைகளை உள்ளே விட்டு, கருவியால் நசுக்கி இணைக்கும் சிறிய உலோகக் குழாய்தான் கிரிம்ப் கனெக்டர். முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? வேலூர் வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். தளர்ந்த முறுக்கில் காற்று புகுந்து செம்பு கறுக்கும், இணைப்பு சூடேறும். கொழுக்கட்டை ஓரத்தை அழுத்தினால் இரண்டு மாவும் ஒன்றாகிவிடுமே, அதுபோல நசுங்கிய குழாயும் செம்பும் இடைவெளியின்றி இறுகிவிடுகின்றன.

கடையில் ‘பட் கனெக்டர்’ என்று கேளுங்கள். சிவப்பு உறை போட்டது சுமார் 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு. ஒயர் அதைவிட மெல்லியதா? உரித்த முனையை இரண்டாக மடித்து விடலாம். கட்டிங் பிளேயர் வேண்டவே வேண்டாம், ஒயர் வெட்டுப்படும். கிரிம்பிங் டூல்தான் சரி. அப்புறம் இழுத்துப் பாருங்கள்.

முனையில் ஈயம் பூசிவிட்டு நசுக்கினால் இன்னும் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகர்ந்து பிடி தளர்ந்துவிடும்.