களுவாஞ்சிக்குடி - மட்டக்களப்பு ஓட்டத்துக்கு ஹைபிரிட் சரிவருமா?

தம்பி, பழைய டீசல் வேனக் குடுத்துப்போட்டு டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் (பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேந்து ஓடுறது) ஒண்டு எடுக்கப்போறன், களுவாஞ்சிக்குடியில இருந்து டவுணுக்கு தினமும் ஓடணும், அதுவும் பெற்றோல்தானே குடிக்குது, புகை குறையும் எண்டுறது சும்மா கதையா எண்டு கேட்டிருந்தீங்க. கதை இல்ல, ஆனா எங்க ஓடுறீங்க எண்டதிலதான் விசயம் இரிக்கி.

காத்தான்குடி மெயின் றோட்டில ஆட்டோவும் மோட்டச்சைக்கிளும் மறிச்சு நிண்டு நிண்டு போகக்குள்ள எஞ்சின் நிண்டிரும், பற்றரியிலதான் நகரும், பிரேக் புடிச்சா மோட்டரே கரண்ட் எடுத்து பற்றரிய ஏத்தும், அதால பிரேக் தேய்ஞ்சு பறக்கிற தூசும் குறைவு. மறுகா செட்டிபாளையம் பக்கம் ஒரே வேகத்தில இழுக்கக்குள்ள எஞ்சின்தான் கூட ஓடும், அங்க அவ்வளவு லாபம் வராது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 2.3 கிலோ காபனீரொட்சைட்டு, எந்தக் காரெண்டாலும் அதேதான், ஹைபிரிட் குறைய எரிக்கிது, அவ்வளவுதான். ஆனா உங்கட வேன் கக்கிற கரும்புகையோட பாத்தா மலையும் மடுவும்.

வாங்கக்குள்ள வண்டியத் தூக்கி கீழ பாருங்க. கற்றலிக் கொன்வேட்டர (புகைக் குழாயில விசவாயுவ சுத்தப்படுத்திற பெட்டி) கழட்டி வித்துப்போட்டு வெறும் குழாய் ஒட்டியிருந்தா ஹைபிரிட் எண்டு பேர் மட்டும்தான், விசவாயு அப்பிடியே வெளிய வரும். பின் சீட்டுப் பக்கத்தில பற்றரிக்கு காத்துப் போற வழி இரிக்கி, நம்மட கடற்கரை மண்ணும் தூசும் அதிலதான் அடையும் (அதுக்கு முன்னால அரிசி மூட்டைய வைக்கிற ஆக்களும் இரிக்காங்க!), அடைஞ்சா பற்றரி சூடேறி சாகும், பெற்றோலும் கூட குடிக்கும். பற்றரி ஸ்கேன் பண்ணின றிப்போட் கேளுங்க, தர மழுப்பினா வேற வண்டி பாருங்க.