கிறிஸ்துமஸ் புட்டிங்கா? இட்லிச் சட்டியை எடுங்கள்

தங்கச்சி, செப்டம்பரில் இங்கிலாந்தில் லெஸ்டருக்கு நர்ஸாக வந்தேன், வார்டில் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்று பட்டியல் ஒட்டினார்கள், நான் பேர் எழுதப் போனபோது கிறிஸ்துமஸ் புட்டிங் மட்டும்தான் மிச்சம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டிறைச்சி சேர்க்க மாட்டோம், வாடகை வீட்டு ஓவன் சரியில்லை, ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லிச் சட்டிதான் இருக்கிறது, கடையில் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், தப்பில்லை, இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் உங்களிடம் இட்லிச் சட்டி இருக்கிறது, இது ஆவியில் வேகிற பண்டம், அதனால் செய்துவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

முதலில் பேரில் இருக்கும் குழப்பம். புட்டிங் என்றதும் நமக்குக் கேரமல் கஸ்டர்டு மாதிரி ஆடுகிற ஒன்று ஞாபகம் வரும். இங்கே சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் எந்த இனிப்புக்கும் புட்டிங் என்றுதான் பெயர், ஐஸ்கிரீம்கூட. கிறிஸ்துமஸ் புட்டிங் என்றால் கன்னங்கரேலென்று, கனமாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும் உலர்பழக் கட்டி. பழைய பெயர் பிளம் புட்டிங், ஆனால் உள்ளே பிளம் கிடையாது, அந்தக் காலத்தில் உலர்ந்த திராட்சையையே பிளம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மாட்டு விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் முக்கியம். பழைய முறையில் இதில் போடுவது சூயட், அதாவது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கெட்டிக் கொழுப்பு. பயப்பட வேண்டாம், எந்தப் பெரிய கடையிலும் மாவு வைத்திருக்கும் வரிசையில் வெஜிடபிள் சூயட் கிடைக்கும், அட்டோரா என்ற பெயரில் மாட்டுக் கொழுப்பு வகையும் தாவர வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், டப்பாவைப் படித்து எடுங்கள். உடைத்த சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். இதே காரணத்துக்காக மின்ஸ் பை என்ற, உலர்பழம் அடைத்த சின்னப் பேஸ்ட்ரியையும் பார்த்து வாங்குங்கள். பெயரில் மின்ஸ், அதாவது கொத்துக்கறி, இருந்தாலும் இப்போது அதில் கறி கிடையாது, சூயட் இருக்கலாம். நான் வந்த முதல் வருஷம் இது தெரியாமல் ஆபீஸில் மூன்று தின்றேன், யாரிடமும் சொல்லவில்லை.

அளவு, 1.2 லிட்டர் கிண்ணத்துக்கு. இங்கே அதை இரண்டு பைன்ட் பேசின் என்பார்கள், எட்டுப் பேருக்குத் தாராளம். கரன்ட், சுல்தானா, ரெய்சின் மூன்றும் கலந்து 500 கிராம். மூன்றுமே திராட்சைதான், ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஆரஞ்சின் தோலைத் துருவி, சாற்றோடு கெட்டியான டீ டிகாக்ஷன் சேர்த்து 150 மில்லி ஆக்கி, பழத்தை ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரும் பிராந்தியும் விடுவார்கள். வார்டில் முஸ்லிம்களும் இருப்பார்கள், குடிக்காதவர்களும் இருப்பார்கள், டீயே போதும். மறுநாள் வெஜிடபிள் சூயட் 110 கிராம், புதிய ரொட்டியை உதிர்த்த தூள் 110 கிராம் (கட்லெட்டுக்குப் போடும் காய்ந்த தூள் அல்ல), செல்ஃப் ரெய்ஸிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) 50 கிராம், டார்க் மஸ்கொவாடோ சர்க்கரை 175 கிராம், துருவிய ஆப்பிள் ஒன்று, முட்டை இரண்டு, மிக்ஸ்டு ஸ்பைஸ் (பட்டை, ஜாதிக்காய் எல்லாம் கலந்த இனிப்புக்கான மசாலாத்தூள்) ஒரு டீஸ்பூன், கொஞ்சம் ஜாதிக்காய், ஒரு ஸ்பூன் பிளாக் ட்ரீக்கிள் என்ற கறுப்புச் சர்க்கரைப் பாகு. மஸ்கொவாடோ ஈரமும் வாசனையுமாகக் கருப்பட்டிக்குத் தம்பி மாதிரி இருக்கும். மிக்ஸ்டு ஸ்பைஸ் இல்லையென்று கரம் மசாலாவைப் போட்டுவிடாதீர்கள், சீரகம் காட்டிக்கொடுத்துவிடும். பாதாம் விருப்பம், ஆனால் வார்டுக்கு என்றால் வேண்டாம், எவருக்கு என்ன அலர்ஜியோ.

இதைக் கலக்குவதற்கென்றே இங்கே ஒரு நாள் இருக்கிறது, அட்வெண்ட் என்ற, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, நவம்பர் கடைசியில் வரும். ஆங்கிலிக்கன் சபையில் அன்றைக்குச் சொல்லும் ஜெபம் 'கிளறிவிடும்' என்று தொடங்கும், அதை வைத்தே ஸ்டர் அப் சண்டே என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு கிளறு, மனசில் ஒரு ஆசை, கிழக்கிலிருந்து மேற்காகக் கிளற வேண்டும், குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ஞானிகள் வந்த திசையாம். என் பக்கத்து வீட்டுப் பாட்டி என் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கரண்டியைக் கொடுப்பார், கூடவே ஒரு பழைய ஆறு பென்ஸ் காசையும் உள்ளே போடுவார். நீங்கள் காசு போடாதீர்கள், நோயாளி விழுங்கினால் பதில் சொல்ல முடியாது.

இப்போது சட்டி. இட்லித் தட்டுகளை எடுத்துவிட்டு அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பேசினில் வெண்ணெய் தடவி, கலவையை மேலே ஒரு விரல்கடை விட்டு நிரப்பி, பேக்கிங் தாளையும் அலுமினியத் தாளையும் சேர்த்து நடுவில் புடவைக் கொசுவம் மாதிரி ஒரு மடிப்பு வைத்து மூடுங்கள், உள்ளே இருப்பது உப்பும்போது அந்த மடிப்பு இடம் கொடுக்கும். விளிம்புக்குக் கீழே நூலால் இறுக்கிக் கட்டி, மேலே தூக்குக்கு இருப்பதுபோல ஒரு கைப்பிடியும் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் வெளியே எடுக்கப் படாதபாடு படுவீர்கள். தண்ணீர் பேசினின் பாதி உயரம். மெல்லிய கொதி. எட்டு மணி நேரம்.

ஆமாம், எட்டு. சர்க்கரை கறுத்து, ரொட்டித்தூளும் கொழுப்பும் கரைந்து அந்த நிறமும் மணமும் வருவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும், ஆனால் வெளிறிப்போய், கேக்குக்கும் சேராமல் இதற்கும் சேராமல் நிற்கும். முக்கால் மணிக்கு ஒரு தடவை கெட்டிலில் கொதித்த தண்ணீர் விடுங்கள், பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கிவிடும். நான் முதல் தடவை வைத்துவிட்டுத் தூங்கிப்போய், புகை அலாரம் கத்தித்தான் எழுந்தேன், தண்ணீர் வற்றி அம்மா கொடுத்துவிட்ட சட்டியின் அடி கறுத்துவிட்டது. புட்டிங் தப்பித்தது! அதனால் நைட் டியூட்டி முடிந்து வந்த நாளில் ஆரம்பிக்காதீர்கள், லீவு நாளில் செய்யுங்கள். விசில் குக்கரில் சீக்கிரம் முடிக்கலாம் என்று தோன்றும், நம் ஊர்க் குக்கர் விசில் அடித்து அடித்தே தண்ணீரைத் தீர்த்துவிடும், நான் சொல்ல மாட்டேன்.

ஆறியதும் புதுத் தாள் மாற்றிக் கட்டுங்கள். பிராந்தி விட்டதை மாதக்கணக்கில் வைப்பார்கள், உங்களுடையது டீ என்பதால் ஒரு வாரம் முன்னால் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். கொண்டுபோகும் நாளில் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் மறுபடி ஆவியில் வைத்து, துண்டுகளாக வெட்டி எடுத்துப் போங்கள். அங்கே மைக்ரோவேவில் துண்டுக்கு அரை நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம், சர்க்கரை அதிகம், உள்ளுக்குள்ளேயே தீய்ந்துவிடும். டிவியில் பார்த்திருப்பீர்கள், விளக்கை அணைத்துவிட்டு பிராந்தியைச் சூடாக்கி ஊற்றிக் கொளுத்துவார்கள், நீல ஜுவாலை ஓடும், அழகுதான். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். மேலே ஊற்ற கஸ்டர்டு போதும். என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.

கஸ்டர்டு மாதிரி கடைசி நேரச் சாமான்களையும் 23-ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள், கிறிஸ்துமஸ் அன்று பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்று 2004-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள், ரயிலும் ஓடாது.

ருசி? முதல் வாய்க்கு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கு மூன்று வருஷம் ஆனது. யாராவது இது எங்கள் சாப்பாடு என்று பெருமையாகச் சொன்னால் 1927-இல் அரசரின் சமையல்காரர் கொடுத்த, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகளின் பொருள்களால் செய்யும் எம்பயர் புட்டிங் பட்டியலைச் சொல்லுங்கள், திராட்சை ஆஸ்திரேலியா, கிராம்பு சான்சிபார், ரம் ஜமைக்கா, பட்டை இலங்கை. இங்கிலாந்துக்காரர்கள் போட்டது மாவு, ரொட்டித்தூள், பீர்.

மிச்சம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் காலை துண்டு போட்டு தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வாட்டி, ஃபில்டர் காப்பியோடு சாப்பிடுங்கள். நான் இப்போதெல்லாம் அதற்காகவே பெரிய பேசினில் செய்கிறேன்.